இரண்டடிப் பலகையில் ஒரு தோட்டத்து ரயில்

பிள்ளைகளுக்கு ரயில் என்றால் கொள்ளை ஆசை. பட்டணத்துப் பேரங்காடிக்குப் போகும்போது, விளையாட்டுச் சாமான் கடையின் கண்ணாடிக்குள் வட்டமிட்டு ஓடும் குட்டி ரயிலைக் கண்டதும் அவர்கள் கால்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. விலைச் சீட்டைப் பார்த்த தகப்பனார் கையைப் பிடித்து இழுக்கிறார். "அதெல்லாம் பணக்காரன் வீட்டு விளையாட்டுடா, வாடா" என்கிறார். அதோடு அந்த ஆசை அடங்கிப் போகிறது.

தகப்பனார் சொன்னது பாதிதான் உண்மை. பெட்டியில் அடைத்து விற்கும் ரயில் தொகுதியை அப்படியே வாங்கினால் நம் கைக்கு எட்டாதுதான். ஆனால் ஒரு ரயில் மாதிரியில் காசு கொடுத்தே தீர வேண்டிய சாமான்கள் மூன்றே மூன்று: தண்டவாளம், மோட்டார் உள்ள அடிச்சட்டம், மின்சாரம் கொடுக்கும் பாட்டரிகள். மற்ற அத்தனையும், அதாவது வீடு, மரம், மேடை, பாலம், பெட்டி, மனிதர் யாவும், குப்பையில் எறியும் பொருள்களிலிருந்தே உருவாகும்.

இன்னொன்றும் உண்டு. கடையில் விற்கும் குட்டி வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? சாய்ந்த கூரையும் புகைபோக்கியுமாக ஐரோப்பிய வீடுகள். இல்லாவிட்டால் ஜப்பானிய வீடுகள். நம்முடைய லயத்து வீட்டையும் ஆயாக் கொட்டகையையும் எந்தக் கடைக்காரரும் விற்பதில்லை. பணம் இருந்தாலும் வாங்க முடியாத அந்தப் பொருளை, பணம் இல்லாத நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதும் அதுதான்.

எந்த ரயிலைச் செய்வது?

நம் நாட்டின் முதல் ரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டு போவதற்காகப் போட்ட சுமார் 13 கிலோமீட்டர் பாதை அது. அதைப் போட இலங்கையிலிருந்து தொழிலாளர் படை வரவழைக்கப்பட்டது. பிறகு பாதைகள் நீண்டன. தண்டவாளம் போட்டவர்களிலும் அதைக் காத்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். ஆகவே ரயில் நமக்கு அந்நியப் பொருளல்ல.

ஆனால் அந்தப் பெரிய ரயிலை வீட்டில் செய்வது சிரமம். பயணிகள் பெட்டி ஒன்று ஏறக்குறைய 20 மீட்டர் நீளம். அதை 76-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும் 26 சென்டிமீட்டர் வரும். நான்கு பெட்டியும் இஞ்சினும் சேர்ந்தால் நம் வீட்டு மேசையே போதாது. வளைவும் பெரிதாக வேண்டும்.

அதனால் நான் சிபாரிசு செய்வது தோட்டத்து ரயிலை. செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்வதற்கென்றே சில பெரிய தோட்டங்களில் குறுகிய இருப்புப் பாதை போடப்பட்டது. பேராக்கில் தெலுக் இந்தான் பக்கம் ஜெண்டராட்டா தோட்டத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். குட்டி இஞ்சின், பின்னால் ஐந்தாறு சிறு வண்டிகள், மெதுவான ஓட்டம், குறுகலான வளைவு. சிறிய பலகைக்கு இதைவிடப் பொருத்தமான ரயில் வேறில்லை.

ஒரு அடிக்கு நாலு மில்லிமீட்டர்

இங்கே ஒரு நல்ல கணக்கு நமக்குக் கைகொடுக்கிறது. அந்தத் தோட்டத்து ரயிலின் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதை 76-ஆல் வகுத்தால் 9-க்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. விளையாட்டு ரயில்களில் 'என்' கேஜ் என்று ஒரு வகை உண்டு. அதன் தண்டவாள அகலம் சரியாக 9 மில்லிமீட்டர். உலகமெங்கும் விற்பனையாகும் வகை இது. பழையதும் மலிவாகக் கிடைக்கும். ஆக, அந்தத் தண்டவாளத்தை வாங்கி, அதன்மேல் நம் தோட்டத்து வண்டியை 76-இல் ஒரு பங்காகச் செய்து வைத்தால் அளவு பொருந்திவிடுகிறது.

76-இல் ஒரு பங்கு என்பது ஒரு அடிக்கு நாலு மில்லிமீட்டர். இதை மட்டும் பிள்ளைகள் மனத்தில் பதிய வைத்துவிட்டால் போதும். பிறகு அவர்களே உங்களுக்குக் கணக்குச் சொல்வார்கள். ஐந்தரை அடி மனிதர் 22 மில்லிமீட்டர். ஆறரை அடிக் கதவு 26 மில்லிமீட்டர். பத்தடிக்குப் பத்தடி அறை 40-க்கு 40 மில்லிமீட்டர். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தயங்கும் பையன்கூட, தன் வீட்டுத் திண்ணையை அளந்து நாலால் பெருக்கிக்கொண்டு வருவதை வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பலகையும் பாதையும்

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலமுள்ள பிளைவுட் துண்டு போதும். தச்சரிடம் கேட்டால் வெட்டி ஒதுக்கியதில் கிடைக்கும். நம் ஊர் ஈரக் காற்றில் பலகை நெளிந்துகொள்ளும். ஆகவே மேலும் கீழும் பெயிண்ட் பூசி, அடியில் இரண்டு சட்டம் அடித்துவிடுங்கள். வேலை முடிந்ததும் அலமாரியின் மேலோ கட்டிலின் கீழோ வைத்துக்கொள்ளலாம்.

வளைவுத் துண்டு வாங்கும்போது 140 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவு என்று கேட்டு வாங்குங்கள். ஜப்பானின் டோமிக்ஸ் கம்பெனி இந்த அளவில் செய்கிறது. ஒரு முழு வட்டத்துக்கு வேண்டிய வளைவுகளும் 140 மில்லிமீட்டர் நேர்த்துண்டு இரண்டும் சேர்ந்தால் நீள்வட்டம் ஒன்று அமையும். அதன் வெளி அளவு ஏறக்குறைய 30-க்கு 44 சென்டிமீட்டர். பலகையில் நான்கு பக்கமும் கையகலத்துக்குச் சற்றுக் குறைய இடம் மிஞ்சும். அதுதான் நம் தோட்டம்.

வாங்குவதற்கு முன் பாதையைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் முழு அளவில் வரைந்து பலகைமேல் விரித்துப் பாருங்கள். இதற்குக் கவராயம் இல்லையென்றால், ஒரு நூலின் முனையில் பென்சிலைக் கட்டி மறுமுனையை ஆணியில் சுற்றினால் ஆயிற்று. வீட்டில் கோலம் போடும் பெண் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். வளைவும் நேர்கோடும் சந்திக்கும் இடத்தை அவள் கை பிசகாமல் காட்டிவிடும்.

தண்டவாளத்தின் கீழே, தேய்ந்துபோன ரப்பர் சிலிப்பரை மெல்லிய பட்டைகளாக அறுத்து ஒட்டுங்கள். ஓடும்போது பலகை இரைச்சல் குறையும்.

பாட்டரியே போதும்

இந்த இஞ்சின்கள் 12 வோல்ட் வரையிலான நேர் மின்னோட்டத்தில் ஓடுபவை. தண்டவாளம் இரண்டும் இரண்டு மின்கம்பிகளாக வேலை செய்கின்றன. ஒன்றின் வழியாக மின்சாரம் சக்கரத்துக்கு ஏறி, மோட்டாரைச் சுற்றி, மற்றதன் வழியாகத் திரும்புகிறது. கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்தினால் ரயில் பின்னோக்கி ஓடும்.

இதற்கென்று விற்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி விலை கூடியது. தொடக்கத்துக்கு அது வேண்டாம். சாதாரண ஒன்றரை வோல்ட் பாட்டரிகள் நான்கை வரிசையாகச் சேர்த்தால் 6 வோல்ட். ஆறைச் சேர்த்தால் 9 வோல்ட். நான்கில் மெதுவாகவும் ஆறில் விரைவாகவும் ஓடும். நடுவில் ஒரு சிறு சுவிட்ச் வைத்துவிடுங்கள். ஆணி, சாவி போன்ற உலோகச் சாமான் இரு தண்டவாளத்தின் மேலும் குறுக்கே விழுந்தால் பாட்டரி சூடேறும். விளையாடி முடித்ததும் பாட்டரிகளைக் கழற்றி வைக்கப் பழக்குங்கள்.

பெற்றோர்களே, ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சுவரில் உள்ள வீட்டு மின்சாரத்துக்கும் இந்தத் தண்டவாளத்துக்கும் எந்தத் தொடர்பும் கூடாது. பிற்காலத்தில் மின்மாற்றி வாங்கினாலும் சிரிம் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். பழைய பொருள்களிலிருந்து பிரித்தெடுத்த மின்மாற்றியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இங்கேயும் கணக்கு உண்டு. நம் பாதையின் ஒரு சுற்று ஏறக்குறைய 1,160 மில்லிமீட்டர். உண்மையான தோட்டத்து ரயில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறதென்று வைத்துக்கொண்டால், நம் ரயில் ஒரு சுற்றை 21 வினாடியில் முடிக்க வேண்டும். பிள்ளைகளிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். பத்து வினாடியில் சுற்றி வந்தால் அது தோட்டத்து வண்டியல்ல, தபால் வண்டி!

இஞ்சினும் வண்டிகளும்

மோட்டார் உள்ள அடிச்சட்டம் மட்டும் தனியாகவே விற்கிறார்கள். நான்கு சக்கரமுள்ள குட்டையானதாகப் பாருங்கள். "140 மில்லிமீட்டர் வளைவில் திரும்புமா?" என்று கேட்டுவிட்டு, கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். பழையதானாலும் குற்றமில்லை.

அதன்மேல் மூடும் உடலை பிஸ்கட் பெட்டி அட்டையில் செய்யலாம். நீளம் 12 அடி, அகலம் 5 அடி, உயரம் 8 அடி என்று கொண்டால் 48, 20, 32 மில்லிமீட்டர். அடிச்சட்டம் சற்று நீளமாக இருந்தால் அட்டையையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். அட்டையை மடிக்கும் கோட்டில் எழுதி முடிந்த பேனா முனையால் அழுத்தமாகக் கீறிவிட்டு மடித்தால் ஓரம் கத்திபோல் நிற்கும். உள்ளே மோட்டாரைத் தொடாதபடி இரண்டு மூன்று இரும்பு வாஷர்களை ஒட்டுங்கள். இஞ்சினுக்குக் கனம் இருந்தால்தான் சக்கரம் வழுக்காமல் இழுக்கும்.

குலை வண்டிக்கு 32-க்கு 20 மில்லிமீட்டரில் அட்டைத் தொட்டி போதும். பழைய 'என்' கேஜ் பெட்டிகளின் சக்கரப் பகுதியைக் கழற்றி அடியில் வைக்கலாம். மூன்று வண்டியோடு தொடங்குங்கள். ஏற்ற வேண்டிய குலைக்கு எங்கும் அலைய வேண்டாம். அடுக்களைக்குப் போய்க் கொஞ்சம் மிளகு கேளுங்கள். ஒன்றேகால் அடிக் குலை நம் கணக்கில் 5 மில்லிமீட்டர்; நல்ல மிளகும் அதே அளவுதான். சிவப்பும் ஆரஞ்சும் கலந்த பெயிண்டைத் தொட்டுவிட்டால், பழுத்த குலை தயார்.

தகரக் கூரையும் செம்பனை மரமும்

லயத்து வீடுகளை நீள்வட்டத்தின் நடுவில் வையுங்கள். பத்தடி அறை நான்கு கொண்ட வரிசை 16 சென்டிமீட்டர் நீளம். சுவர் அட்டை, பலகைச் சுவர் வேண்டுமென்றால் ஐஸ்கிரீம் குச்சியைச் சீவி ஒட்டுங்கள். கூரைத் தகரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பால்மாவு டின்னின் வாயை மூடியிருக்கும் ஈயத் தாள் போன்ற தகட்டை எடுத்து, பேன் சீப்பின்மேல் வைத்து, மழுங்கிய பென்சிலால் பல்லுக்குப் பல் தேயுங்கள். நெளிநெளியாகத் தகரக் கூரை வந்துவிடும். உண்மைத் தகரத்தின் நெளிவு மூன்று அங்குலம். நம் அளவில் ஒரு மில்லிமீட்டர். பேன் சீப்பின் பல்லிடைவெளியும் ஏறக்குறைய அதுவே. பழுப்பு நிறத்தைத் துணியால் ஒற்றினால் துருவும் ஏறிவிடும்.

செம்பனைக்கு, மெல்லிய குச்சியில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஒட்டுங்கள். மட்டை வெட்டிய தழும்புபோலவே இருக்கும். ஓலைக்குக் கோழி இறகைக் கழுவிக் காயவைத்து, பச்சைச் சாயமேற்றி, கத்தரித்து உச்சியில் செருகுங்கள். மரத்தின் உயரம் 10 முதல் 12 சென்டிமீட்டர். தோட்டத்தில் செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். நம் அளவில் அது 12 சென்டிமீட்டர். ஆகவே பலகையின் பின்னோரத்தில் ஐந்து மரம் வைத்தாலே நிரை தெரியும்.

ரப்பர்க் காடு வேண்டுமென்பவர்கள், பல கிளையாகப் பிரிந்த காய்ந்த குச்சிகளை நட்டு, சாயம் ஏற்றிய மரத்தூளை ஒட்டலாம். இலையுதிர் காலத்துச் சிவப்பில் சாயம் போட்டால் பார்க்க அழகு. கீழே உதிர்ந்த சருகுக்கு, தேநீர் வடிகட்டிய தூளை நன்றாகக் காயவைத்துத் தூவுங்கள்.

தரைக்கு நம் செம்மண்ணே போதும். சல்லடையில் சலித்து, வாணலியில் வறுத்து ஆறவைத்தால் பூச்சி வராது. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையில் பாதிக்குப் பாதி தண்ணீரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, மண்ணைத் தூவிய பிறகு சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு இரவில் இறுகிவிடும். தண்டவாளத்தின் மேற்பரப்பில் பசை படக்கூடாது. பட்டால் மின்சாரம் ஏறாது. மைதா மாவுப் பசை செலவில்லாததுதான். ஆனால் எறும்பும் கரப்பானும் விருந்துக்கு வந்துவிடும்.

கேட்டுக் கட்ட வேண்டிய இடம்

இவ்வளவும் செய்த பிறகு, எதை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். இதற்கு என்னைக் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள்.

என் மாணவர்கள் சிலர் வெறும் பலகையோடு ஒரு மூதாட்டியிடம் போனார்கள். அவர் பால்மரம் வெட்டிய தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. முதலில், "எனக்கென்னப்பா தெரியும், நான் படிக்காதவ" என்று ஒதுங்கினார். பிள்ளைகள் விடவில்லை. சற்று நேரத்தில் அவரே தீப்பெட்டிகளை எடுத்து வைக்கத் தொடங்கினார். "இது பிரட்டுக் களம். இங்கதான் விடியக்காலையில பேர் கூப்பிடுவாங்க. இது ஆயாக் கொட்டகை. உங்கப்பனை இங்கதான் விட்டுட்டு வேலைக்காட்டுக்குப் போவேன். குழாய் இந்தப் பக்கம். அம்மன் கோயில் அந்தா, அந்த மேட்டுல" என்று சொல்லிக்கொண்டே போனார். எண்பது வயது விரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பேரப்பிள்ளை பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தான். தன் தகப்பனார் தவழ்ந்த இடம் எது என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்படுகின்றன. ஆட்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அந்த இடங்கள் எப்படி இருந்தன என்பதற்குப் பல குடும்பங்களில் ஒரு புகைப்படம்கூட இல்லை. இருப்பதெல்லாம் முதியவர்களின் ஞாபகம். அதுவும் எத்தனை நாளைக்கு? பலகையில் குறித்து வைத்தால் தப்பிக்கும்.

கடன் வாங்காமல் முடிக்கும் வழி

இதற்காகத் தவணைக்கு எதையும் எடுக்க வேண்டாம். கடனில் வந்த விளையாட்டுச் சாமான், தவணை முடிவதற்குள் மூலைக்குப் போய்விடும். நான் சொல்லும் வரிசை இதுதான்.

முதல் இரண்டு மாதம் வீடும் மரமும் மட்டும். பசையும் பெயிண்டும் தவிரச் செலவில்லை. பிள்ளைகளின் ஆர்வம் நிற்கிறதா என்பதும் இதில் தெரிந்துவிடும். இதே மாதங்களில் ஒரு டின்னில் துளை போட்டு, வாரம் இரண்டு வெள்ளியோ மூன்று வெள்ளியோ சேருங்கள். பிள்ளைகளின் தீபாவளி, பொங்கல் காசும் அதில் விழட்டும். ஆர்வம் நின்றால் முதலில் தண்டவாளம்; அதன்பின் அடிச்சட்டம்; கடைசியாகப் பாட்டரியும் கம்பியும். ஒரு வீட்டால் முடியாவிட்டால் மூன்று நான்கு வீடு கூட்டாகச் சேருங்கள். பலகை மாதம் ஒரு வீட்டில் இருக்கட்டும்.

அடிச்சட்டம் வாங்கும் வசதி வரவே இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். அட்டை வண்டியைக் கையால் தள்ளி விளையாடினாலும் தோட்டம் தோட்டம்தான்.

சில எச்சரிக்கைகள். அட்டை அறுக்கும் கத்தியைப் பெரியவர்களே பிடியுங்கள். மிளகும் சிறு சக்கரமும் கைக்குழந்தையின் வாய்க்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். தண்டவாளத்தை வாரம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலில் அழுக்கு சேர்ந்து ஓட்டம் தடைபடும்.

வருகிற பள்ளி விடுமுறை நல்ல தருணம். தொலைக்காட்சியை ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, நாட்காட்டித் தாளை விரித்து, வீட்டுப் பெரியவரை நடுவில் உட்கார வையுங்கள். "உங்க தோட்டத்துல குழாய் எந்தப் பக்கம் இருந்துச்சு, பாட்டி?" என்று பிள்ளையை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். வேலை அங்கிருந்து தானாகவே நடக்கும்.